நகர்த்தக் கூடாத தொட்டி

யாரோ எங்க கதவுல சாவி போட்டுத் திருப்பிட்டு இருந்தாங்க. நான் வீட்டுக்குள்ள. ரூம்மேட்டும் வீட்டுக்குள்ள. எங்க ரெண்டு பேர் சாவியும் ஆணியில தொங்குது. அப்ப வெளிய யாரு?

அவ கையில தோசைக்கரண்டி, என் கையில லேப்டாப் சார்ஜர். அந்த சார்ஜரை வெச்சு நான் என்ன கிழிக்கப் போறேன்னு இப்ப கேட்டா எனக்கே தெரியாது. சாவி உள்ள போகுது, சிக்குது, வெளிய வருது, மறுபடியும் உள்ள போகுது. நடுநடுவுல ஒரு ஆம்பளைக் குரல் பூட்டைத் திட்டுது.

"கேளுடி யாருன்னு."

"நீ கேளு."

"கரண்டி உன்கிட்டதானே இருக்கு, நீ போ."

கதவு லென்ஸ்ல பாத்தா ஒரே இருட்டு. எங்க காரிடார் அப்படி. பெங்களூர் பிரேசர் டவுன்ல பழைய பில்டிங், ரெண்டாவது மாடி, வரிசையா நாலு கதவு, நாலுக்கும் ஓனர் ஆன்ட்டி ஒரே பச்சை பெயின்ட் அடிச்சு விட்டிருக்காங்க. எதிர்ல கை நீட்டினா பக்கத்து பில்டிங் சுவரு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கும் வெயில் எட்டிப் பாக்காது. ஒரு ட்யூப்லைட் இருக்கு, பேருக்கு எரியும்.

நான் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அங்கிள்.

எழுபது தாண்டினவர். அவர் வைஃப் போய்ச் சேந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு, தனியாதான் இருக்கார். இஸ்திரி போட்ட சட்டை இல்லாம நான் அவரைப் பாத்ததே இல்ல. சர்ச் கொயர்ல பாடுவார், குளிக்கும்போது அவர் பிராக்டிஸ் பண்றது எங்க சுவரு வழியா அப்படியே கேக்கும்.

"பூட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு மா"ன்னார். என்னைப் பாத்து சொல்லல, என் காதுக்குப் பக்கத்துல எங்கயோ பாத்து சொன்னார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். எங்க தோசை கருகிட்டு இருந்துச்சு.

"ஓ. உங்க வீடா?"

"ஆமா அங்கிள்."

"நல்ல வேளை நீங்க சமைக்கத் தெரியாதவங்க. இல்லைன்னா நான் பாட்டுக்கு உள்ள வந்து படுத்திருப்பேன்."

சிரிச்சோம். அவரும் சிரிச்சார். நான் அதோட மறந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் எங்க வாசல்ல ஒரு குரோட்டன் தொட்டி வந்துச்சு. எங்க கதவுக்கும் அங்கிள் கதவுக்கும் நடுவுல. பெருசா ஒண்ணும் காரணம் இல்ல, வாசல் சவக்கிடங்கு மாதிரி இருக்கேன்னு வாங்கி வெச்சேன். வெச்ச கொஞ்ச நாள்லயே இலையெல்லாம் கலர் போயி கொட்ட ஆரம்பிச்சுது. ஹென்னூர் பக்கம் இருக்கிற நர்சரியில போய் சண்டை போட்டேன். அங்க இருந்த ஆளு, பாதி கன்னடம் பாதி தமிழ், கூலா சொன்னார்: "இருட்டா மேடம்? அப்ப ரெண்டு செட் வெச்சுக்கணும். ஒரு வாரம் ஒண்ணு கீழ, ஒரு வாரம் மொட்டை மாடி. மாத்தி மாத்தி." அதாவது இன்னொரு தொட்டியும் என் தலையில கட்டிட்டார். நானும் ஞாயித்துக்கிழமை ஆனா தொட்டியைத் தூக்கிட்டு மாடி ஏறி இறங்கிட்டு இருந்தேன், ஜிம்முக்குப் போற மாதிரி.

ஒரு ஞாயிறு பழைய தொட்டியை மேல ஏத்திட்டேன், புதுசை இறக்க சோம்பேறித்தனம். அப்புறம் பாத்துக்கலாம்னு படுத்துட்டேன். சாயங்காலம் காரிடார்ல ஒரே கத்தல். போய் பாத்தா கடைசி வீட்டுக்காரர் அங்கிளோட சட்டைக் காலரைப் பிடிச்சிருக்கார். அவர் பொண்ணு, ஸ்கூல் போற குழந்தை, உள்ள தனியா இருந்திருக்கா. எவனோ சாவி போட்டு கதவைத் தள்ளுறான்னு பயந்து அப்பாவுக்கு போன் அடிச்சிருக்கா. அவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தா, இவர் கதவுல சாய்ஞ்சு சாவியை நுழைச்சிட்டு நிக்கிறார்.

"குடிச்சிருக்கியாயா?"

 அங்கிள் இல்லைன்னு கூட சொல்லல. நான்தான் நடுவுல பூந்து காலரை விடுவிச்சு, சும்மா குழம்பிட்டார் அண்ணா, வயசாயிடுச்சு இல்லன்னு எதையோ உளறி, கையைப் பிடிச்சு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். தண்ணி குடுத்தா டம்ளர் அவர் பல்லுல டகடகன்னு அடிக்குது.

டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "அந்தச் செடி எங்க மா?"ன்னார்.

"எந்தச் செடி?"

"வாசல்ல இருந்தது. பேன்ட்ல இலை உரசும். உரசினா அடுத்த கதவு என்னோடது."

அப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு. கண்ணுக்குள்ள பிரஷர். டிராப்ஸ் போட்டுட்டுதான் இருக்கார். ஆனா சைடு பார்வை மொத்தமா போயிடுச்சு, நடுவுல மட்டும் ஒரு ஓட்டை வழியா பாக்குற மாதிரி தெரியும். வெளிய வெயில்ல சமாளிச்சிடுவார். பேக்கரி, சர்ச், பிரண்ட்ஸோட கேரம் எல்லாம் ஓகே. இந்த இருட்டு காரிடார்லதான் ஒண்ணுமே தெரியல. நாலு கதவும் பச்சை, தடவிப் பாத்தாலும் ஒண்ணுதான். எண்ணிட்டே வருவாராம், நடுவுல யாராவது குட் ஈவ்னிங் சொன்னா எண்ணிக்கை விட்டுப் போயிடும்.

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா அங்கிள்?"

"தெரிஞ்சா அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடுவா."

பொண்ணு கோயம்புத்தூர்ல இருக்காங்க, அங்க ஸ்கூல்ல டீச்சர். ஸ்கூல் லீவுல வந்து ஒரு வாரம் தங்கி, அப்பாவால தனியா இருக்க முடியுதான்னு பாத்துட்டு முடிவு பண்றதா சொல்லிட்டாங்களாம். முடியலைன்னா கையோட கூட்டிட்டுப் போறது.

"நல்லாதானே பாத்துப்பாங்க?"ன்னு ரூம்மேட் கேட்டா.

"ரொம்ப நல்லா பாத்துப்பா. சோபாவுல உக்கார வெச்சு, டிவி போட்டு, டைமுக்கு சோறு குடுப்பா. நான் அந்த சோபாவோட ஒரு குஷனா இருப்பேன்."

அவர் அதை ஜோக்காதான் சொன்னார். நாங்க சிரிக்கல.

அவர் போனதும் இவ என்னைப் பிடிச்சுக்கிட்டா. "நீ என்ன பண்ணப் போறன்னு எனக்குத் தெரியும். பண்ணாத."

"ஒரு செடிதானேடி."

"நாளைக்கு விழுந்து மண்டை உடைஞ்சா? செடி வந்து பதில் சொல்லுமா? அவர் பொண்ணு, அந்த அக்கா முகத்துல எப்படி முழிப்ப?"

 அவ சொன்னது கரெக்ட். கரெக்ட்டா இருந்ததாலதான் கடுப்பாவும் இருந்துச்சு.

அடுத்த சனிக்கிழமை நானும் அங்கிளும் ஆட்டோ பிடிச்சு அதே நர்சரிக்குப் போனோம். எனக்கு வேண்டியது சிம்பிள். வெயிலே படாம, இடமே மாறாம, வருஷக்கணக்கா அதே வாசல்ல நிக்கிற செடி. வாரம் ஒரு தடவ மாடிக்குப் போற ஹீரோ எல்லாம் வேணாம்.

நர்சரிக்காரர் முதல்ல காட்டினது ஸ்நேக் ப்ளான்ட். சாகவே சாகாது மேடம்னார். இலை ஒவ்வொண்ணும் ஈட்டி மாதிரி நிக்குது. இருட்டுல குனிஞ்சு சாவி தேடுற ஆளு கண்ணுக்குப் பக்கத்துல இதையா வெக்கிறது? வேணாம். மணி ப்ளான்ட்? தரையில கொடி ஓடும், கால்ல மாட்டும். பெர்ன் பாக்க சூப்பரா இருந்துச்சு, ஆனா தினம் தண்ணி கேக்கும், தரை ஈரமாவே இருக்கும், வழுக்கும். வெள்ளை புள்ளி போட்ட டிபன்பேக்கியாவை அங்கிள் தொடப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன். அதோட பால் பட்டா அரிக்கும்னு எங்கயோ படிச்சிருந்தேன். இவரோ தினமும் தொட்டுத் தொட்டுதான் வரப் போறார். ரப்பர் செடி இலை தோல் மாதிரி நல்லா கனமா இருந்துச்சு, அவருக்கும் பிடிச்சுது. ஆனா எங்க இருட்டுல இலையை உதிர்த்துட்டு மொட்டைக் கம்பா நிக்கும்னு நர்சரிக்காரரே ஒத்துக்கிட்டார்.

அங்கிள் ஒவ்வொரு செடியையும் கடந்து நடந்து பாத்தார், திரும்பி வந்து மறுபடியும் நடந்தார். முழங்கால்ல படுதா, கையில படுதான்னு. ஒரு இலையை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சுட்டு அப்படியே நின்னார்.

"சார், செடி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"ன்னார் நர்சரிக்காரர்.

"பொண்ணுன்னா ஒரு தடவ பாத்தா போதும்யா"ன்னார் அங்கிள்.

கடைசியில ரெண்டு. ஒண்ணு லேடி பாம், ஒரு பனை ஜாதி. இடுப்புக்கு மேல உயரம், சின்னச் சின்ன விசிறி மாதிரி இலை, முள்ளும் கிடையாது கூரும் கிடையாது. உரசினா காகிதம் மாதிரி சரசரன்னு ஒரு சத்தம். நிழல்லயே வளரும், மெதுவாதான் வளரும், காரிடாரை அடைக்காது. அது எங்க கதவு தாண்டினதும், அவர் கதவுக்கு முன்னால. இன்னொண்ணு ஜீஜீ ப்ளான்ட். குட்டையா, தடித் தண்டு, இலை மெழுகு தடவின மாதிரி வழவழன்னு. தண்ணி மறந்தாலும் கோச்சுக்காது. அது அவர் கதவுக்கு அந்தப் பக்கம். தப்பித் தவறி தாண்டிப் போனா கால்ல பட்டு நிறுத்தும். ரெண்டுக்கும் சிமென்ட் தொட்டி. பிளாஸ்டிக்னா யார் வேணா தள்ளிடுவாங்க, இதை ரெண்டு ஆளு சேர்ந்தாதான் அசைக்க முடியும்னு கணக்குப் போட்டேன்.

வேலை செஞ்சுது. மாடி ஏறி வருவார், எங்க கதவைத் தாண்டுவார், சரசர, சாவி, கதவு திறக்கிற சத்தம். நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தாலும் காதை அங்கதான் வெச்சிருப்பேன். சரசரவுக்கும் சாவிக்கும் நடுவுல கொஞ்சம் கேப் விழுந்தா போச்சு. மேனேஜர் ஏதோ கேட்டுட்டு இருப்பார், நான் மியூட்ல மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.

லீவு வந்துச்சு. அக்காவும் வந்தாங்க. நான் வில்லி மாதிரி ஒருத்தரை எதிர்பாத்தா, வந்தது ரொம்ப நல்ல மனுஷி. எங்களுக்கு தேங்காய் பன் வாங்கிட்டு வந்தாங்க. காரிடார்ல என்னைப் பிடிச்சு மெதுவா கேட்டாங்க.

"டாடி எப்படி இருக்கார் மா? உண்மையைச் சொல்லு."

"சூப்பரா இருக்கார் கா. எங்களை விட ஃபிட்டா இருக்கார்."

"கண்ணு? போன்ல மெசேஜ் எல்லாம் தப்புத் தப்பா வருது."

"வயசானவங்க டைப்பிங் அப்படித்தானே கா."

பொய் அவ்ளோ ஈசியா வந்துச்சு. உள்ள போய் பன்னை எடுத்து, கடிக்காம தட்டுலயே வெச்சுட்டேன். ரூம்மேட் என்னையே பாத்துட்டு, என் பன்னையும் சேர்த்து சாப்பிட்டா.

ரெண்டு மூணு நாள் அங்கிள் கலக்கினார். காபி அவரே போட்டார், மார்க்கெட் போனார், மாடி ஏறினார் இறங்கினார். அக்கா முகம் கொஞ்சம் கொஞ்சமா இளகிட்டு வந்துச்சு. அந்த வாரம் இன்னும் பாதிதான் பாக்கி.

அப்படி ஒரு நாள் இருட்டுற நேரத்துல நான் தயிர் வாங்கக் கீழ போயிருந்தேன். திரும்பி ரெண்டாவது மாடிக்குப் படி ஏறிட்டு இருக்கேன், மேல அண்ணாந்து பாத்தா படி முடியிற இடத்துல, ஜன்னல் பக்கத்துல, லேடி பாம் நிக்குது.

எனக்கு ஒரு செகண்ட் புரியல. வேற செடியா? இல்ல, அதே தொட்டி. அடியில கோணி. யாரோ கோணியில வெச்சு இழுத்துட்டு வந்திருக்காங்க.

பின்னாடிதான் தெரிஞ்சுது. அக்காதான். அங்கிள் மத்தியானம் தூங்கிட்டு இருந்தப்போ, பாவம் செடி இருட்டுல வாடுதேன்னு, தண்ணி கேன் போட வந்தவரைக் கூட்டு சேத்துக்கிட்டு வெளிச்சத்துக்கு நகர்த்தி வெச்சிருக்காங்க. நல்ல மனசு. செடி மேல அவங்களுக்கு இருந்த அக்கறை எனக்கே இருந்ததில்ல.

ஆனா மேல அங்கிள் கதவு திறக்குது. "வரேன் மா, பிராக்டிஸ் முடிச்சுட்டு வந்துடறேன்." ஷூ சத்தம்.

என் மண்டையில அது மட்டும்தான் ஓடுச்சு. வெளிய போறப்போ அவருக்கு வரிசை என்ன? கதவு, உடனே செடி, அப்புறம் எங்க கதவோட நீளம், அதுக்கப்புறம்தான் படி. செடியில உரசினதும் தைரியமா வீசி நடப்பார், ஏன்னா அங்க இருந்து படிக்கு இன்னும் தூரம் இருக்கு. இப்ப செடி படியோட உச்சியில நிக்குது. உரசின உடனே வீசி வெக்கிற அடிக்குக் கீழ தரையே கிடையாது. கைப்பிடிக்கும் அவருக்கும் நடுவுல வேற தொட்டி.

மேல ஷூ சத்தம் ஒரு இடத்துல தயங்குச்சு. செடி இருக்க வேண்டிய இடத்துல செடி இல்ல. நின்னு தடவிப் பாத்திருக்கலாம். ஆனா பின்னாடி வாசல்ல பொண்ணு நின்னு பாத்துட்டு இருக்காங்க. தடவ முடியுமா? நடந்தார். நேரா, நிமிர்ந்து, கொயர் பைலை மார்புல வெச்சுக்கிட்டு. நான் கீழ இருந்து பாக்குறேன், அவர் முகம் தெரியுது, என்னைப் பாக்குறார், ஆனா பாக்கல. தோள் இலையில பட்டுச்சு. சரசர. அவர் முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க. அப்பாடா, இங்கதான் இருக்கியான்னு. அடுத்த அடியை வீசி எடுத்தார்.

"அங்கிள், படி."

கத்தினேன்னு நினைக்கிறேன். தயிர் எங்க போச்சுன்னு தெரியல. மேல ஓடினேன். அவர் கால் காத்துல நின்னுச்சு, உடம்பு முன்னால சாய்ஞ்சுது, ரெண்டு கையாலயும் செடியைக் கட்டிப் பிடிச்சார். தொட்டி கனமா இருந்ததால தாங்குச்சு. பைல் விழுந்து பாட்டுப் பேப்பரெல்லாம் படி முழுக்கச் சறுக்கிட்டுப் போச்சு. நான் அவர் பெல்ட்டைப் பிடிச்சுத் தள்ளி பின்னால உக்கார வெச்சேன்.

அக்கா ஓடி வந்தாங்க. "என்னாச்சு? டாடி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஷூ லேஸ்"ன்னார் அங்கிள்.

அது லேஸ் இல்லாத ஷூ.

அக்கா என்னைப் பாத்தாங்க. அங்கிள் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். சொல்லாதன்னு அவர் சொல்லல, சொல்லவும் தேவையில்ல. பெல்ட்டைப் பிடிச்ச இடத்துல எனக்கு நகம் ஒண்ணு பேந்திருச்சு. இன்னொரு பொய் சொல்லணும்னா சொல்லியிருக்கலாம். வாயில வரல.

"அவருக்கு இந்த இருட்டுல கண்ணு தெரியாது கா. இந்தச் செடியை வெச்சுதான் வழி கண்டுபிடிக்கிறார். நீங்க நகர்த்திட்டீங்க."

 ரூம்மேட் கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, இறங்கிப் போய் பேப்பரெல்லாம் பொறுக்க ஆரம்பிச்சா.

"எவ்ளோ நாளா?"ன்னாங்க அக்கா.

அங்கிள் பைலைத் தேடித் தரையைத் தடவினார்.

"போதும். கிளம்புங்க. ஞாயித்துக்கிழமை என்கூட வரீங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? இப்ப செத்திருப்பீங்க டாடி."

"ஆமா. நீ நகர்த்தினதால." அவர் குரல் உசரவே இல்ல. "ரெண்டு மாசமா ஏறி இறங்குறேன், ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு தொட்டி இடம் மாறுச்சு. உன் வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை மாறும் சொல்லு. உன் ரெண்டு பசங்க, சைக்கிள், பந்து, ஸ்கூல் பேக், உன் வீட்டுக்காரர் இழுத்துப் போடுற சேர். போன கிறிஸ்மஸுக்கு வந்தப்போ ராத்திரி பாத்ரூம் போக முடியாம விடியிற வரைக்கும் கட்டில்லயே உக்காந்திருந்தேன். உன்கிட்ட சொன்னேனா?"

அக்கா அழல. அவங்க படியில உக்காந்துட்டாங்க, அவருக்குப் பக்கத்துல. எங்க ரெண்டு பேருக்கும் அங்க வேலை இல்லைன்னு தோணுச்சு. பேப்பரைக் குடுத்துட்டு உள்ள வந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேச்சு கேட்டுச்சு, வார்த்தை புரியல. அவர் குரல், அவங்க குரல், மாத்தி மாத்தி.

மறுநாள் அங்கிள் என்னைத் தாண்டிப் போனார், குட் மார்னிங் சொல்லல. அதுக்கடுத்த நாளும் சொல்லல. அக்கா அவரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் வந்தாங்க. பார்வை இல்லாதவங்க பிடிக்கிற, மடக்குற வெள்ளைக் குச்சி ஒண்ணு இருந்துச்சு, அவர் அதைத் தொடல, அக்காவே சுமந்துட்டு வந்தாங்க. என்ன முடிவுன்னு கேக்க எனக்கு வாய் வரல. கேக்குற உரிமையும் இருக்கான்னு தெரியல.

வெள்ளிக்கிழமை காலையில காரிடார்ல டொக்கு டொக்குன்னு சத்தம். வெளிய வந்தா, லேடி பாம் பழைய இடத்துக்கே வந்திருக்கு. ஒரு மேஸ்திரி சின்ன சட்டியில சிமென்ட் கலந்துட்டு இருக்கார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிட்டு நின்னு, தொட்டியை இன்னும் கொஞ்சம் சுவரோரமா தள்ளச் சொல்றாங்க. ஓனர் ஆன்ட்டி மூச்சிரைக்க மேல ஏறி வந்தாங்க.

"அரே, என்ன மா இது? தரையில ஒட்டறீங்களா? நக்கோ மா, வேணவே வேணாம். நாளைக்கு அவர் வீட்டைக் காலி பண்ணா இந்தத் தொட்டியை நான் எப்படிப் பேத்து எடுக்கிறது?"

"அவர் காலி பண்ண மாட்டார் ஆன்ட்டி"ன்னாங்க அக்கா.

அங்கிள் வீட்டுக்குள்ள கேட்டுட்டு இருந்த ரேடியோ சத்தம் குறைஞ்சுது. ஆன்ட்டி அக்காவைப் பாத்தாங்க, மேஸ்திரியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. சரி, தரையில கறை ஆகாம பாத்துக்கோங்கன்னு முனகிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

மேஸ்திரி கரண்டி நிறைய சிமென்ட்டை அள்ளி தொட்டிக்கு அடியில அப்பப் போனார்.

"அண்ணா, இருங்க, அடியில ஓட்டை இருக்கு. அடைச்சுட்டா தண்ணி தேங்கி வேர் அழுகிடும்"னேன்.

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"ன்னார் மேஸ்திரி.

உள்ள இருந்து அங்கிள் குரல் வந்துச்சு. அந்த வாரத்துல முதல் தடவையா என்கிட்ட. "அடியில செங்கல் வைக்கச் சொல்லு மா. மூணு பக்கம் ஒட்டினா போதும், நடுவுல விட்டுடச் சொல்லு."

நான் செங்கல் தேடி மொட்டை மாடிக்கு ஓடினேன்.